நல்ல விதை என்று ஒரு சொல்

முதலில் ததேயுஸ் என்று எழுதுங்கள், சார். என் பெயரைப் பிறகு எழுதலாம். உங்கள் தாளில் முதல் கேள்வி, சிப்பிக்குள்ளே நண்டை எப்போது பார்த்தீர்கள் என்பதுதானே? அதற்கும் வருகிறேன். ஆனால் நண்டுக்கு முன்னால் ததேயுஸ் இருக்கிறான். எனக்கு முதல் அநியாயம் செய்தது நண்டு இல்லை, என் தங்கை ரெஜினாளைக் கட்டிய ததேயுஸ். இடம் இல்லையென்றால் ஓரத்தில் எழுதுங்கள். ஓரத்தில் எழுதினாலும் எழுத்து எழுத்துதான்.

உட்காருங்கள். நாற்காலி அவனுடையதுதான், வீடும் அவனுடையதுதான், அதனால் ஒன்றும் குறைந்துவிடாது. அவன் ஐஸ் கம்பெனிக்கு வேலைக்குப் போயிருக்கிறான். ஒரு மணிக்குத்தான் வருவான். ரெஜினா, சாருக்குச் சாயா போடு. எனக்கும் போடு. எனக்குச் சீனி கொஞ்சம் கூட.

நான் சூசைமரியான். நாற்பது வருஷம் சிப்பிக்குளி. மூச்சைப் பிடித்துக்கொண்டு இறங்கி, பாறையில் ஒட்டியிருக்கிற சிப்பியை உளியால் பெயர்த்து, இடுப்பில் கட்டிய வலைப்பையில் போட்டுக்கொண்டு மேலே வருகிற வேலை. படிப்பு மூன்றாம் வகுப்பு. ஆனால் இந்தக் கரையில் எந்தப் பாறையில் எந்த மாதம் சிப்பி கொழுக்கும் என்று தெரிய வேண்டுமானால் உங்கள் மீன்துறை ஆபீஸ்காரர்கள் என்னிடம்தான் வரவேண்டும். வந்திருக்கிறீர்களே.

நாலு வருஷத்துக்கு முன்னால் பத்துக் குடும்பம் சேர்ந்து ஒரு குழு வைத்தோம். ஆறு கடலில் விழுகிற பொழிமுகத்தில், பாலத்துக்குக் கொஞ்சம் உள்ளே, மூங்கில் நட்டுக் கயிறு தொங்கவிட்டுச் சிப்பி வளர்ப்பது. குழுவுக்குத் தலைவன் ததேயுஸ். எப்படித் தலைவன் ஆனான் என்று கேளுங்கள். ஐந்து நாள் பயிற்சிக்குப் போனான், ஒரு சான்றிதழ் வாங்கி வந்தான். அதோ, மாதா படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறது. நான் நாற்பது வருஷம் தண்ணீருக்குள்ளே கிடந்தேன், எனக்கு யாரும் எதையும் சட்டம் போட்டு மாட்டவில்லை. ஐந்து நாள் பெஞ்சில் உட்கார்ந்தவன் தலைவன்.

சரி, நான் வாய் திறக்கவில்லை. தங்கை புருஷன். அவன் சோற்றைத் தின்கிறவன் என்று ஊரில் யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக, விதை எடுக்கிற பொறுப்பு என்னுடையது என்று நானே முன்வந்தேன். விதை என்றால் குஞ்சுச் சிப்பி, உங்களுக்குத் தெரியும். அதைக் கயிற்றைச் சுற்றி வைத்து, பழைய பருத்திக் கொசுவலையைக் கிழித்து மேலே சுற்றித் தைப்பார்கள். அமலி என்று ஒரு பெண்பிள்ளை, அவள் வாய் ஓய்ந்து நான் பார்த்ததில்லை, ஆனால் கை அவள் கைதான், அவள் தைத்தால் ஒரு சிப்பி உதிராது. தண்ணீரில் தொங்கவிட்டால் நாலைந்து நாளில் சிப்பி நார் விட்டுக் கயிற்றைப் பிடித்துக்கொள்ளும். துணி தானாக இற்றுப்போகும். பிறகு ஆறு மாதம் கையைக் கட்டிக்கொண்டு பார்த்திருக்க வேண்டியதுதான். அது கிடைக்கிற தண்ணீரை வடிகட்டித் தின்று தானாக வளரும்.

இங்கே ஒரு வழக்கம் இருக்கிறது. அதையும் எழுதுங்கள், ஏனென்றால் எல்லாம் அதில்தான் நிற்கிறது. எங்கள் கரையில் குளியாளிடம் 'எந்தப் பாறை?' என்று யாரும் கேட்பதில்லை. அவன் கொண்டுவந்து கொட்டுவான், வாங்குகிறவன் வாங்குவான். பாறை அவனுக்கும் கடலுக்கும் தெரிந்தது. கேட்டால் அவனைக் கள்ளன் என்று சொன்ன மாதிரி. என் அப்பாவிடம் ஒருவன் கேட்டுவிட்டு, பத்து வருஷம் எங்கள் வீட்டுப் படி ஏற முடியாமல் போனான். வழக்கம் அப்படி.

ததேயுஸ் கேட்டான்.

ஐப்பசி மாதம். விதையைக் கரையில் கொட்டியிருக்கிறேன். பெண்கள் துணியோடு உட்கார்ந்திருக்கிறார்கள். இவன் குனிந்து ஒரு சிப்பியை எடுத்துக் கையில் வைத்துப் புரட்டிப் புரட்டிப் பார்க்கிறான். பிறகு எல்லாருக்கும் முன்னால், "மச்சான், இது எங்க உள்ள சிப்பி?" என்கிறான்.

நான் சொன்னேன், "ஏன், உனக்கு என்ன செய்யுது?"

"இல்ல, கொஞ்சம் பெருசா இருக்கு. பயிற்சியில பெருவிரல் நகம் அளவுன்னு சொன்னாவ. கடலுக்குள்ள வெளிப்பாறையில இப்ப இவ்வளவு பெருசு கிடைக்குமான்னு கேட்டேன்."

"வெளிப்பாறைதான். சந்தேகமிருந்தா நீ குதி."

அவனுக்கு நீந்தக்கூடச் சரியாகத் தெரியாது. அமலி சிரித்தாள். "தலைவர் குதிச்சா விதை எடுக்க நாம ரெண்டு பேரு எறங்கணும், தலைவர எடுக்க நாலு பேரு எறங்கணும்" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்துக்கொண்டே சிப்பியைக் கீழே போட்டான். ஆனால் கேட்டுவிட்டான் பாருங்கள். என் தங்கை புருஷனாக இருந்துகொண்டு, பத்துக் குடும்பத்துக்கு முன்னால், எந்தப் பாறை என்று கேட்டுவிட்டான்.

இப்போது நண்டு. தை மாதம், மூன்றாம் கயிற்றை இழுத்து ஒரு பிடி சிப்பியை அவித்தோம். நாலு சிப்பியில் ஒன்றில் நண்டு. உங்கள் புட்டியில் மிதக்கிறதே, அதே ஜாதி. தாளில் பட்டாணி நண்டு என்று போட்டிருக்கிறீர்கள். நாங்கள் சிப்பி நண்டு என்போம். அது புதிதொன்றும் இல்லை சார். பாலத்தூணில் ஒட்டிக்கிடக்கிற கிழட்டுச் சிப்பியில் எப்போதும் கிடக்கும். சிறுவயதில் நாங்கள் அதை அவித்துப் பொறுக்கித் தின்போம். வாயில் வைத்தால் நண்டு என்றே தெரியாது, ஓடு அவ்வளவு மெத்து.

அதைப் பற்றி நீங்கள் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. நான் சொல்கிறேன். இது பொட்டை. வயிற்றில் ஆரஞ்சு நிறத்தில் தெரிகிறதே, முட்டை. குஞ்சாக இருக்கும்போது உள்ளே நுழையும், பிறகு வெளியே வராது. வெளியே வந்து என்ன செய்யும்? கண் சரியாகத் தெரியாது, ஓட்டில் வலு இல்லை, கொடுக்கு பேருக்கு இருக்கிறது. சிப்பி தண்ணீரை இழுத்து வடிகட்டித் தன் செவுளில் சேர்த்துவைக்கிற தீனியை, அங்கேயே உட்கார்ந்து இது வழித்துத் தின்னும். அடுத்தவன் வாய்க்குப் போகிற கவளம். சிப்பியைக் கொல்லாது. கொன்றால் எங்கே இருக்கும்? ஆனால் செவுள் புண்ணாகும், சதை வற்றும். மேலே பார்த்தால் முழுச் சிப்பி, திறந்தால் தோல். நான் இதைவிடக் கேவலமான ஒரு பிராணியைக் கடலில் பார்த்ததில்லை. சுறா கடிக்கும், திருக்கை கொட்டும், அதெல்லாம் ஆண்மை. இது அப்படியா?

ஆண் நண்டு சின்னது, ஓடு கெட்டி, சிப்பி சிப்பியாக அலையும் என்று சொன்னீர்களே, மூடிய சிப்பியின் விளிம்பை மணிக்கணக்காகத் தடவித் தடவி, அது கொஞ்சம் வாய் திறந்ததும் உள்ளே நுழைந்துவிடும் என்று, அது எனக்குப் புதிது. ஒருவனுடைய வாசலில் நின்று தடவிக்கொண்டே இருக்கிறது, அவனும் திறந்துவிடுகிறான். வெட்கம் கெட்ட ஜென்மம். எழுதுங்கள்.

சாயா ஆறிவிட்டதா? ரெஜினா, வேறு போட்டுக் கொடு. அவளுக்கு இப்போதெல்லாம் காது கேட்பதில்லையோ என்னவோ, ஒரு தடவை சொன்னால் வருவதில்லை. பதினோரு வருஷமாகப் பார்க்கிறேன். புயலில் என் வீட்டுக் கூரை போனதும் பத்து நாள் என்று இங்கே வந்தேன். சுவர் இன்னும் அப்படியே நிற்கிறது, கோவிலுக்குப் பின்னால், நீங்கள் வரும்போது பார்த்திருப்பீர்கள். ததேயுஸ் இரண்டு தடவை தகரம் வாங்கி அடுக்கினான். 'நானே ஏறிப் போட்டுத் தாறேன் மச்சான்' என்றான். எதற்கு? என்னை வெளியேற்றத்தானே. எனக்குத் தெரியாதா? தகரம் அங்கேயே துருப்பிடித்துக் கிடக்கிறது.

கதைக்கு வருகிறேன். சித்திரையில் அறுப்பு. சிப்பி எடுக்க வடக்கே எல்லைக்கு அந்தப்பக்கம் இருந்து மொய்து என்று ஒரு வியாபாரி லாரியோடு வந்தார். நல்ல மனுஷன், வாய்தான் கொஞ்சம் நீளம். குழுவில் உள்ள எல்லாரும் கரையில் நிற்கிறோம். மூட்டைக்குள் கையை விட்டு இருபது சிப்பி எடுத்தார், கத்தியால் ஒவ்வொன்றாகத் திறந்தார். பதினொன்றில் நண்டு. சதை தோல் மாதிரி. அவர் கத்தியைத் துடைத்துக்கொண்டே, "சிப்பி கேட்டா குடியிருக்கிறவங்களையும் சேத்தல்லே தருது? இவங்ககிட்ட வாடகை வாங்குனீங்களா?" என்றார். யாரும் சிரிக்கவில்லை. லாரி வெறும் லாரியாகத் திரும்பிப் போனது.

அமலி அங்கேயே மணலில் உட்கார்ந்துவிட்டாள். அவள் மகளுக்கு நர்சிங் படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. அந்த வருஷம் சேர்க்கவில்லை. அதற்கு நான் என்ன செய்ய முடியும்? கடல் கொடுக்கும், கடல் எடுக்கும். ஆனால் அவள் என்னைப் பார்த்தாள் சார். வாய் ஓயாதவள் ஒன்றும் பேசாமல் பார்த்தாள். அதை நான் மறக்கவில்லை.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து கோவில் முற்றத்தில் கூட்டம். ஊர் முழுக்க நிற்கிறது. விதை எங்கே எடுத்தது என்று பேச்சு வந்தது. எல்லாரும் ததேயுஸைப் பார்க்கிறார்கள். அவன் என்ன செய்திருக்க வேண்டும்? சொல்லுங்கள். 'விதை நல்ல விதை, என் மச்சான் நாற்பது வருஷக் குளியாள், நண்டு தண்ணீரில் வந்தது' என்று சொல்லியிருந்தால் முடிந்தது. யார் மறுத்துப் பேசியிருப்பார்கள்? அவன் எழுந்து நின்றான். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் மடித்து வைத்துக்கொண்டான். "விதை எங்க வீட்டுல இருந்து போச்சு. தப்பு எங்க வீட்டுமேல. இனி நான் தலைவரா இருக்கது சரியில்ல. என் பங்குக் கயிறு பன்னிரண்டையும் அமலி எடுத்துக்கிடட்டும்" என்றான். சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டான்.

எங்க வீடு. எங்க வீட்டில் யார் குளியாள்? அவனா? ரெஜினாளா? என் பெயரைச் சொல்லவில்லை, சொல்லவில்லை என்று ஊரே அவனைத் தூக்கிவைத்துப் பேசுகிறது. 'ததேயுஸ் ஒரு வார்த்தையில கூட மச்சான விட்டுக் கொடுக்கல்லியே, எல்லாத்தையும் தன் தலையில போட்டுக்கிட்டானே' என்று. அட, அதுதான் சார் அநியாயம். பெயர் சொல்லித் திட்டியிருந்தால் நான் எழுந்து பதில் சொல்லியிருப்பேன். சொல்லாமல் விட்டதால் ஊர்க் கண் முழுக்க என் பக்கம் திரும்பியது, எனக்குப் பேச வாய் இல்லாமல் போயிற்று. அன்றையிலிருந்து குழுவில் எனக்கு இடமில்லை. யாரும் போ என்று சொல்லவில்லை. வா என்றும் சொல்லவில்லை. சிப்பி கொண்டுவந்து கொட்டினால் பெண்கள் ஒவ்வொன்றாக எடுத்து அளவு பார்க்கிறார்கள். என் முகத்துக்கு முன்னால். நான் சிப்பி குளிக்கப் போவதையே விட்டுவிட்டேன்.

அன்றையிலிருந்து அவனோடு எனக்குப் பேச்சில்லை. ஒரே கூரை, ஒரே அடுப்பு, பேச்சில்லை. எனக்கு வேண்டியதை ரெஜினாளிடம் சொல்வேன், அவள் அவனிடம் சொல்வாள், அவன் வாங்கி வருவான். மூன்று வருஷம் ஆகப்போகிறது.

அவன் சும்மா இருந்தான் என்று சொல்லமாட்டேன். பொய் சொல்லக் கூடாது. போன வருஷம் பெரிய வியாழனுக்கு முந்தின நாள், நான் கட்டிலில் கிடக்கிறேன், வந்து கால்மாட்டில் நின்றான். ஆள் மெலிந்து சட்டை தொங்குகிறது. காலையில் ஐஸ் கம்பெனி, சாயங்காலம் துறையில் மீன் ஏற்றுகிற வேலை, அதனால் மெலிந்தான் என்கிறார்கள். எனக்குத் தெரியும், மனசாட்சி அரிக்கிறது. நின்றுகொண்டு சொன்னான், "மச்சான், ஒம்மகிட்ட பேசாம நாளைக்கு பூசையில நன்மை அப்பம் எடுக்க எனக்கு மனசு வரல்ல. நான் ஏதும் தப்பு செஞ்சிருந்தா மன்னிச்சிரும்."

நான் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னேன், "இங்க சொன்னா போதாது. முற்றத்துல சொல்லு."

"மன்னிப்புதானே. சொல்லிருவேன். என்ன சொல்லணும்?"

"விதை நல்ல விதைன்னு சொல்லு."

ரெஜினாள் வாசலில் நின்று முந்தானையைக் கடித்துக்கொண்டிருந்தாள். "அதைச் சொல்லிருங்க, ஒரு வார்த்தைதானே" என்றாள் அவள். அவன் அவளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"வேற என்ன வேணும்னாலும் கேளும் மச்சான். சாவுறவரை இந்த வீட்டுல இரும், ஒரு நாளும் ஒரு சொல் சொல்லமாட்டேன். அது மட்டும் என் வாயில வராது. அமலிக்க முகத்தப் பாத்துக்கிட்டு, கோவில் முன்னால நிண்ணு, எனக்கு வராது" என்றான்.

பார்த்தீர்களா? மன்னிப்புக் கேட்பானாம், கேட்ட வார்த்தையை மட்டும் தரமாட்டானாம். மறுநாள் பெரிய வியாழன், பூசைக்குப் போனான். நன்மை எடுக்க எழும்பவில்லையாம், ரெஜினாள் வந்து அழுதாள். நான் என்ன செய்ய? கடன் வைத்திருப்பவன் நான் இல்லை.

அதற்குத்தான் நீங்கள் வந்தது எனக்கு நல்லதாகப் போயிற்று. பொழிமுகத்தில் மறுபடி சிப்பி போடலாமா என்று பார்க்க உங்களை எழுதி வரவழைத்ததும் அவன்தான், அதுவும் எனக்குத் தெரியும். நண்டு விதையில் வந்ததா, தண்ணீரில் வந்ததா என்று நீங்கள் எழுதித் தருவதை அடுத்த ஞாயிறு முற்றத்தில் வாசிப்பார்களாம். தண்ணீர் என்று எழுதுங்கள். உங்கள் வாயாலேயே சொன்னீர்கள், நண்டுக் குஞ்சு முட்டையிலிருந்து வந்ததும் சில வாரம் தண்ணீரில் மிதக்கும், பிறகுதான் சின்னச் சிப்பி தேடிப் போகும் என்று. அப்புறம் என்ன? தண்ணீர்தான். அது எந்தத் தாய் விட்ட குஞ்சு என்று யாரால் சொல்ல முடியும்? தண்ணீருக்கு வாய் இருக்கிறதா?

என்ன கேட்கிறீர்கள்? விதை என்ன அளவா?

நல்ல அளவு. இதோ, இந்தச் சுண்டுவிரல் நீளம் இருக்கும். சிலது நடுவிரல். நகம் அளவுக் குஞ்சைக் கட்டிவிட்டு ஆறு மாதம் காத்திருப்பதை விட, பாதி வளர்ந்ததைக் கட்டினால் சீக்கிரம் எடை நிற்கும். இது அனுபவம். பயிற்சியில் சொல்லித்தர மாட்டார்கள்.

"அண்ணே, அத அந்த சாருட்ட சொல்லாண்டாம்."

ரெஜினா, நீ அடுப்பைப் பார். கேட்கிறவருக்குச் சொல்லாமல் யாருக்குச் சொல்வது?

எங்கே எடுத்தேன் என்றா? சார், எங்கள் வழக்கத்தைச் சொன்னேனே. சரி, நீங்கள் படித்தவர், வெளியூர்க்காரர், உங்களுக்குச் சொன்னால் பாதகமில்லை. அந்த ஐப்பசியில் வெளிப்பாறையில் அலை எப்படி அடித்தது தெரியுமா? எனக்கு வலது காது போய் வருஷம் ஏழு. ஆழத்தில் இறங்கினால் மண்டைக்குள் ஆணி அடிக்கிற மாதிரி இருக்கும். பத்துக் குடும்பம் துணியைக் கிழித்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறது. விதை இல்லை என்று எப்படிச் சொல்வது? நாற்பது வருஷக் குளியாள், முடியவில்லை என்று எந்த வாயால் சொல்வது? பாலத்தூணில் கொத்துக் கொத்தாகக் கிடந்தது. இடுப்பளவு தண்ணீர். எடுத்தேன். சிப்பி சிப்பிதானே. நண்டு அதில் கிடந்தால் அதுபாட்டுக்குக் கிடக்கும் என்று விட்டேன். இத்தனை நாள் அங்கே கிடந்ததே, யாருக்கு என்ன கேடு வந்தது? உள்ளே கயிற்றில் உள்ள குஞ்சையெல்லாம் தேடிப் போகும் என்று நான் கனவா கண்டேன்?

எழுதுவதை ஏன் நிறுத்திவிட்டீர்கள்?

தண்ணீர் என்று போட முடியாதா? முட்டையோடு இருக்கிற நண்டைக் கொண்டுபோய்ப் பண்ணைக்குள் நான் வைத்தேன் என்றா எழுதுவீர்கள்? எழுதுங்கள். நன்றாக எழுதுங்கள். நீங்களும் ஐந்து நாள் பெஞ்சில் உட்கார்ந்த கூட்டம்தானே. உங்கள் தாளை நம்பி நான் இல்லை. உங்களுக்கும் எனக்கும் ஒரு கணக்கும் கிடையாது, சாயாவைக் குடித்துவிட்டுப் போங்கள்.

ரெஜினா, மணி ஒன்று ஆகப்போகிறது, எனக்குச் சோற்றை வை. நான் முதலில் சாப்பிடுவேன் சார். அவனோடு உட்கார மாட்டேன். அவன் வந்தால் நான் எழும்புகிறவரை சைக்கிளைப் பிடித்துக்கொண்டு வெளியே வெயிலில் நிற்பான். நிற்கட்டும்.

போகும்போது வழியில் பார்த்தால் அவனிடமே சொல்லுங்கள். பணமோ கூரையோ நான் கேட்கவில்லை. முற்றத்தில் நின்று, அமலி முகத்தைப் பார்த்து, விதை நல்ல விதை என்று ஒரு சொல். அவன் எனக்குத் தரவேண்டியது அவ்வளவுதான். அதைத் தருகிறவரை இந்த வீட்டை விட்டு நான் ஓரடி வெளியே வைக்கமாட்டேன்.